மழலையர் பள்ளியின் வாசலில்

மும்பையில் வடாலாவுக்கும் சயானுக்கும் நடுவே அமைந்திருக்கிறது ஆண்டாப் ஹில். ஒருபுறம் மத்திய அரசு ஊழியர்களுக்கான அடுக்குமாடிக் குடியிருப்புகள். மறுபுறம் ஒன்றையொன்று ஒட்டி நிற்கும் சின்னஞ்சிறு வீடுகள். மேற்கே மாட்டுங்கா, வடமேற்கே தாராவி, வடகிழக்கே செம்பூர் என்று தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் பகுதிகள் சூழ்ந்திருக்கின்றன. தமிழும் மராத்தியும் ஹிந்தியும் உருதுவும் பஞ்சாபியும் ஒரே தெருவில் காதில் விழும்.

இங்குள்ள அரசுக் குடியிருப்பில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தை மனத்தில் உருவகப்படுத்திக்கொள்ளலாம். கணவர் அரசு அலுவலகத்தில் எழுத்தர். மனைவி வங்கி ஊழியர். பேரனைப் பார்த்துக்கொள்ளத் திருநெல்வேலியிலிருந்து வந்து தங்கியிருக்கும் பாட்டி. குழந்தைக்கு இரண்டரை வயது. வீட்டு வேலைக்கு வரும் பெண் அருகிலுள்ள குடிசைப் பகுதியில் வசிப்பவர், அவரும் தமிழர்தாம். அவருடைய மூன்று வயது மகள் காலையில் அங்கன்வாடிக்குச் சென்றுவிட்டு, பிறகு தாயோடு இங்கு வருவாள். இரு குழந்தைகளும் வீட்டு நடையில் பழைய டப்பாக்களையும் மூடிகளையும் பரப்பி, மணிக்கணக்கில் சமையல் செய்வார்கள்.

ஒரு நாள் இரவு கணவனும் மனைவியும் பள்ளி விண்ணப்பங்களை விரித்து வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கிறார்கள்.

“நல்ல இடமாப் பிடிச்சுட்டா பத்தாவது வரைக்கும் கவலை இல்லை. இப்போ விட்டுட்டா அப்புறம் எங்கேயும் இடம் கிடைக்காது” என்கிறார் கணவர்.

“ஏங்க, குழந்தைகிட்ட நிறம், வடிவம் எல்லாம் இங்கிலீஷிலே கேட்பாங்களாம். நம்மையும் கேட்பாங்களாம். இனிமே வீட்டிலே இங்கிலீஷே பேசிடுவோம். அத்தைகிட்டயும் நீங்களே சொல்லிடுங்க. இன்னொண்ணு... வேலைக்கு வர்றவங்க பொண்ணோட விளையாடறதையும் கொஞ்சம் குறைச்சுடலாம். அவ பேசற ஹிந்தி இவனுக்கும் ஒட்டிக்குது.”

மறுநாள் முதல் பாட்டியின் கதைகள் நின்றுவிடுகின்றன. நடைக் கதவு சாத்தப்படுகிறது.

இவர்கள் தீயவர்கள் அல்லர். தங்கள் ஓய்வையும் சேமிப்பையும் குழந்தைக்காகவே செலவிடுபவர்கள். அவர்களைத் தூண்டுவது அன்பேயன்றி வேறில்லை. ஆயினும் அந்த அன்பு செய்த முதற்செயல் ஒரு முதியவரை வாயடைக்கச் செய்ததும், ஒரு சிறுமியின் முகத்தில் கதவைச் சாத்தியதும்தான். அன்பு எந்த இடத்தில் வழி தவறியது? மழலையர் பள்ளியைத் தேர்ந்தெடுப்பது என்னும் எளிய குடும்பக் காரியத்திற்குள் மறைந்திருக்கும் அறக்கேள்வி இதுவே.

அச்சத்தின் நியாயம்

பெற்றோரின் அச்சத்தை வெறும் பேராசை என்று ஒதுக்கிவிட இயலாது. பெருநகரங்களில் புகழ்பெற்ற பள்ளிகள் பலவற்றில் நுழைவாயில் முதல் வகுப்பு அன்று. அதற்கும் முந்தைய மழலையர் வகுப்பே. அங்கு நிரம்பிய இடங்கள் பின்னர் எளிதில் காலியாவதில்லை. எனவே மூன்று வயதில் தவறவிட்டதைப் பிறகு பெற முடியாது என்ற எண்ணத்திற்கு ஓரளவு அடிப்படை உண்டு.

இந்த நிலை குழந்தைகளுக்கு இழைக்கும் தீங்கை நாடு உணராமல் இல்லை. பள்ளிப் பிள்ளைகள் சுமக்கும் புத்தகச் சுமையைப் பற்றி எழுத்தாளர் ஆர்.கே. நாராயண் 1989-ஆம் ஆண்டு மாநிலங்களவையில் பேசினார். பின்னர்ப் பேராசிரியர் யஷ்பால் தலைமையில் அமைக்கப்பட்ட குழு 1993-இல் தனது அறிக்கையை அளித்தது. மழலையர் வகுப்பில் சேர்ப்பதற்குத் தேர்வும் நேர்காணலும் நடத்தும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளுள் ஒன்று. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தன் 13-ஆம் பிரிவில், பள்ளிச் சேர்க்கையின்போது குழந்தையையோ பெற்றோரையோ வடிகட்டித் தேர்ந்தெடுப்பதைத் தடை செய்தது. முதல் முறை மீறினால் 25,000 ரூபாய் வரையிலும், அடுத்தடுத்த மீறல்களுக்கு ஒவ்வொன்றுக்கும் 50,000 ரூபாய் வரையிலும் அபராதம் உண்டு. ஆனால் அச்சட்டம் முதன்மையாக 6 முதல் 14 வயது வரையுள்ள குழந்தைகளுக்கானது. ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் பராமரிப்பையும் கல்வியையும் அரசு வழங்க முயல வேண்டும் என்று, 2002-இல் திருத்தப்பட்ட அரசியல் சாசனத்தின் 45-ஆம் பிரிவு கூறுகிறது. அது வழிகாட்டும் நெறியே, உரிமையன்று.

ஆகவே சட்டம் வாசல் வரை வந்து நிற்கிறது. வாசலுக்கு உள்ளே மனச்சான்றுதான் ஆள வேண்டியிருக்கிறது.

என் குழந்தை, பிறர் குழந்தை

தன் குழந்தைக்கு மட்டும் சிறந்ததைத் தேடுவது தவறா? தத்துவ வரலாற்றில் இது மிகப் பழைய வினா. கிரேக்க ஞானி பிளேட்டோ தமது ‘குடியரசு’ நூலில் துணிச்சலான ஒரு விடையைக் கூறினார். காவலர் வகுப்பாரின் குழந்தைகள் பொதுவில் வளர்க்கப்பட வேண்டும். இன்ன குழந்தை தன்னுடையது என்று பெற்றோர் அறியவே கூடாது. ‘என்னுடையது’ என்னும் எண்ணம் மறைந்தால் பிளவும் மறையும் என்பது அவர் கருத்து.

அவருடைய மாணவர் அரிஸ்டாட்டில் இதை மறுத்தார். சிறிதளவு இனிப்பை ஏராளமான நீரில் கரைத்தால் இனிப்பே தெரியாமல் போய்விடும். அதுபோல, எல்லாக் குழந்தைகளும் எல்லோருடையவர்களுமாகிவிட்டால் எந்தக் குழந்தைக்கும் உண்மையான அன்பு கிடைக்காது என்றார். அன்பு பிறப்பதற்கு ‘என் குழந்தை’ என்ற நெருக்கம் தேவைப்படுகிறது.

அரிஸ்டாட்டில் சொன்னது அனுபவத்திற்கு ஒத்தது. ஆனால் அந்த நெருக்கம் கண்ணை மறைக்கவும் கூடும். மகாபாரதத்தின் திருதராட்டிரன் மகனை நேசித்ததில் குற்றம் இல்லை. ‘என் மக்கள்’ என்றும் ‘பாண்டுவின் மக்கள்’ என்றும் பிரித்துப் பார்த்த நோக்கில்தான் அவனுடைய உண்மையான குருடு இருந்தது. தம்பியின் பிள்ளைகளுக்குரியதைப் பறித்துத் தன் பிள்ளைக்குத் தர இசைந்தான். முடிவில் அவனுடைய பிள்ளைகளுக்கும் எதுவும் மிஞ்சவில்லை.

இந்த இரண்டுக்கும் நடுவே கோட்டை எங்கே போடுவது? தற்காலத் தத்துவ அறிஞர்களான ஹாரி பிரிக்ஹவுஸ், ஆடம் ஸ்விஃப்ட் ஆகிய இருவரும் 2014-இல் வெளியிட்ட ‘ஃபேமிலி வேல்யூஸ்’ என்ற நூலில் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். இரவில் குழந்தைக்குக் கதை சொல்லும் பெற்றோர், கதை கேளாத குழந்தையைவிடத் தம் குழந்தைக்கு ஓர் அனுகூலத்தை அளிக்கிறார்கள் என்பது உண்மை. ஆனாலும் அது தடுக்கத்தக்கதன்று. ஏனெனில் கதை சொல்வது அனுகூலத்தை வாங்கும் வழியன்று. அதுவே அவர்களிடையிலான உறவு. பணம் கொடுத்துப் பிறரைவிட முந்திய இடத்தைப் பெறுவதோ அவ்வாறன்று. அதை நிறுத்தினால் உறவுக்கு ஒரு குறையும் நேராது. அவர்கள் வாதத்தின் சாரம் இது.

இந்த அளவுகோலை ஆண்டாப் ஹில் குடும்பத்தின்மீது வைத்துப் பார்த்தால் வியப்பான ஒன்று தெரிகிறது. பாட்டியின் கதை எவ்வகையிலும் குற்றமற்றது, அதை நிறுத்திவிட்டார்கள். பிறரை முந்தும் முயற்சியோ ஐயத்திற்குரியது, அதற்காகவே நிறுத்தினார்கள்.

குறையும் செல்வம், குறையாத செல்வம்

உலகில் நன்மைகள் இரு வகைப்படும். ஒருவகை, ஒருவர் பெற்றால் மற்றவருக்குக் குறைவது. வரிசையில் முதலிடம் அத்தகையது. அது ஒருவருக்குத்தான் கிட்டும். மற்றொரு வகை, பகிரப் பகிரக் குறையாதது. மொழியறிவு, பாட்டு, நட்பு, மன அமைதி ஆகியவை அத்தகையன. ஒரு குழந்தை பாடக் கற்றுக்கொண்டால் அடுத்த குழந்தையின் குரல் மங்கிவிடுவதில்லை.

முதல் வகையின் இயல்பைப் பொருளியல் அறிஞர் ஃபிரெட் ஹிர்ஷ் 1976-இல் எழுதிய நூலில் ஓர் உவமையால் விளக்கினார். கூட்டத்தில் எல்லோரும் கால் நுனியில் எழும்பி நின்றால் யாருக்கும் கூடுதலாக ஒன்றும் தெரியப்போவதில்லை, கால்வலிதான் மிச்சம். தேரோட்டம் பார்க்கச் சென்ற எவருக்கும் இது புரியும். ஆறு வயதில் தொடங்கிய எழுத்துப் பயிற்சி ஐந்துக்கும், ஐந்திலிருந்து நான்குக்கும், நான்கிலிருந்து மூன்றுக்கும் இறங்கி வந்த கதை இதுவே. ஒவ்வொரு குடும்பமும் ஒரு படி முந்தியது. எல்லாக் குடும்பங்களும் முந்தியதால் எவரும் முந்தவில்லை. வலியைச் சுமந்தவை மட்டும் மூன்று வயதுக் குழந்தைகள். ஐந்து வயது வரை சீராட்டி வளர்ப்பது, அதன்பின்னரே கண்டித்துப் பயிற்றுவது என்பது இந்நாட்டின் பழைய நீதி. நாடே அந்த நீதியை மறந்து ஓடியது.

இங்குத் திருவள்ளுவர் துணைக்கு வருகிறார். ‘மக்கட்பேறு’ அதிகாரத்தில், மகனைக் கற்றோர் அவையில் முந்தியிருக்கச் செய்வதே தந்தை அவனுக்குச் செய்யும் நன்மை என்கிறார் அவர். இந்த ஒரு குறளை மட்டும் பிடித்துக்கொள்பவர்கள், வள்ளுவரும் போட்டியைத்தான் போதிக்கிறார் என்று கருதக்கூடும். ஆனால் அதற்கு அடுத்த குறளிலேயே அவர் தெளிவுபடுத்திவிடுகிறார். தம் மக்களின் அறிவுடைமை, பெற்ற தமக்கு இனிமை தருவதைவிட உலகத்து உயிர்களுக்கெல்லாம் மிகுந்த இனிமை தருவது என்கிறார். அதாவது, அவையில் முந்தியிருத்தல் என்பது அருகில் இருப்பவனைப் பின்னுக்குத் தள்ளி எய்துவதன்று. எந்த அறிவு உலகத்துக்கெல்லாம் இனிக்குமோ, அந்த அறிவால் எய்துவது. தன் பிள்ளைக்கு நன்மை தேடும் ஆசையும் பிறர் பிள்ளையின்மீதுள்ள கருணையும் அங்கு மோதிக்கொள்வதில்லை.

மழலையர் பள்ளியால் எதைத் தர முடியும்?

இப்போது நடைமுறைக் கேள்விக்கு வரலாம். மழலையர் பள்ளி தரக்கூடியது எவ்வகை நன்மை?

அதன் வரலாறே ஒரு விடையைச் சொல்கிறது. 1907 ஜனவரி 6 அன்று ரோம் நகரின் சான் லொரென்ஸோ பகுதியில், கூலித் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றில் மரியா மாண்டிசோரி தமது முதல் ‘குழந்தைகள் இல்ல’த்தைத் தொடங்கினார். பெற்றோர் வேலைக்குச் சென்றதும் பார்த்துக்கொள்ள ஆளின்றித் திரிந்த குழந்தைகள் கட்டடத்தைப் பாழ்படுத்தினார்கள். அதைத் தடுக்க ஓர் ஏற்பாடு வேண்டும் என்று கட்டட உரிமையாளர்கள் நினைத்ததே அதன் தொடக்கம். அதே மாண்டிசோரி அம்மையார் 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து, உலகப் போர்க் காலம் முழுவதும் இந்தியாவிலேயே தங்கி ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார். இன்று செல்வக் குடும்பங்களின் அடையாளமாகிவிட்ட அந்தப் பெயர், ஏழைத் தாய்மார்களின் குழந்தைகளிடமிருந்து பிறந்தது.

இந்தியாவில் 1920-இல் பாவ்நகரில் பாலமந்திரைத் தொடங்கிய கிஜுபாய் பதேகா வழக்கறிஞராக இருந்தவர். அவரோடு உழைத்த தாராபாய் மோடக் பம்பாயில் பிறந்தவர். நகரத்து வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளோடு நின்றுவிடாமல், அவர் 1945-இல் போர்டி என்னும் கடற்கரைக் கிராமத்திற்குச் சென்றார். விலையுயர்ந்த கருவிகளுக்குப் பதிலாக அந்த மண்ணில் கிடைத்த பொருள்களையே பயன்படுத்தினார். குழந்தைகள் பள்ளிக்கு வரத் தயங்கியபோது, பள்ளியைக் குழந்தைகளின் முற்றத்திற்கே கொண்டுசென்றார். ‘அங்கன்’ என்றால் முற்றம், ‘வாடி’ என்றால் தோட்டம். அங்கன்வாடி என்னும் சொல்லின் பொருளே முற்றத்துத் தோட்டம் என்பதுதான். 1975 அக்டோபர் 2 அன்று ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் நாட்டில் 33 இடங்களில் தொடங்கப்பட்டபோது, அவற்றுள் ஒன்று ஆண்டாப் ஹில்லுக்கு அருகிலுள்ள தாராவி. இன்று நாடெங்கும் ஏறத்தாழ 14 இலட்சம் அங்கன்வாடிகள் உள்ளன.

அனுபவ ஆய்வுகளும் இதே திசையைக் காட்டுகின்றன. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் இப்சிலாண்டி என்னும் ஊரில் 1962 முதல் 1967 வரை, வறிய கறுப்பினக் குடும்பங்களைச் சேர்ந்த 123 குழந்தைகளைக் கொண்டு ஒரு சோதனை நடந்தது. 58 பேர் பெரி மழலையர் பள்ளியில் சேர்க்கப்பட்டனர். 65 பேர் சேர்க்கப்படவில்லை. அங்குக் குழந்தைகள் தாங்களே ஒரு விளையாட்டைத் திட்டமிட்டு, செய்து, பிறகு அதைப் பற்றிப் பேசினார்கள். ஆசிரியர்கள் வாரந்தோறும் ஒவ்வொரு வீட்டுக்கும் சென்று ஒன்றரை மணி நேரம் தாயோடும் குழந்தையோடும் செலவிட்டார்கள். தொடக்கத்தில் அப்பள்ளிக் குழந்தைகளின் நுண்ணறிவு மதிப்பெண் உயர்ந்தது. சில ஆண்டுகளில் அந்த வேறுபாடு மறைந்துபோயிற்று. சோதனை தோற்றது என்றே பலர் நினைத்தார்கள். ஆனால் அக்குழந்தைகள் நாற்பது வயதை எட்டியபோது, பள்ளிக்குச் சென்றவர்களிடையே வேலையும் வருவாயும் கூடுதலாகவும், குற்றங்களுக்காகக் கைதானவர்கள் குறைவாகவும் இருந்தார்கள். மதிப்பெண் கரைந்துவிட்டது, ஆனால் பண்பு நிலைத்தது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. டென்னஸி மாநிலம் நடத்திய மழலையர் வகுப்புகளுக்கு விண்ணப்பித்த ஏறத்தாழ 3,000 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வாளர்கள் 2022-இல் தங்கள் முடிவை வெளியிட்டார்கள். குலுக்கலில் இடம் பெற்றுச் சேர்ந்தவர்கள் ஆறாம் வகுப்பை அடைந்தபோது, இடம் கிடைக்காதவர்களைவிடப் படிப்பிலும் ஒழுங்கிலும் பின்தங்கியிருந்தார்கள். ‘மழலையர் பள்ளி’ என்ற பெயர்ப்பலகை மட்டும் ஒரு நன்மையையும் உறுதி செய்வதில்லை என்பதற்கு இது சான்று. உள்ளே குழந்தைக்கு என்ன நேர்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ஆக, மழலையர் பள்ளி தரக்கூடிய நிலையான நன்மைகள் எவை? பிறரை நம்பக் கற்றல், தன் முறை வரும் வரை காத்திருத்தல், தொடங்கியதை முடித்தல், விழுந்தால் எழுதல், தன் எண்ணத்தைச் சொல்லில் வடித்தல். இவை அனைத்தும் இரண்டாம் வகை நன்மைகள்; பகிர்ந்தால் குறையாதவை. இன்னும் சொன்னால், தனியே பெறவே முடியாதவை. காத்திருக்கக் கற்றுக்கொள்ள வேண்டுமானால் முன்னே ஒரு குழந்தை நிற்க வேண்டும்; பகிரக் கற்க வேண்டுமானால் அருகே ஒரு குழந்தை வேண்டும். எந்தச் சிறுமியின் முகத்தில் கதவு சாத்தப்பட்டதோ, அவளிடம்தான் அந்தச் சிறுவன் தன் மழலைக் கல்வியைப் பயின்றுகொண்டிருந்தான்.

ஓர் ஆட்சேபணை

‘இவையெல்லாம் கேட்க இனியவை. ஆனால் உலகம் ஓடிக்கொண்டிருக்கிறது. அறத்தை எண்ணி நின்றுவிட்டால், பெற்றோரின் கொள்கைக்குக் குழந்தை அல்லவா விலை கொடுக்க வேண்டியிருக்கும்?’ என்று கேட்கலாம்.

நேர்மையான கேள்வி இது. தம் மனநிறைவுக்காகக் குழந்தையை மோசமான பள்ளிக்கு அனுப்புவதும் ஒருவகைத் தன்னலமே. அங்கன்வாடி என்பதாலேயே ஓரிடம் நன்றாகிவிடாது. கட்டணம் மிகுதி என்பதாலேயே ஓரிடம் தீதாகிவிடாது. நல்ல பள்ளியைத் தேடுவது பெற்றோரின் கடமை. தேடும்போது எதை ‘நன்று’ என்று கொள்கிறார்கள் என்பதே இங்கு ஆராயப்படுவது. குழந்தைக்கு உண்மையில் நிலைத்த நன்மை எதுவோ, அது அயலாரின் குழந்தையிடமிருந்து எதையும் பறிக்காதது என்றால், அறவழிக்கும் நலவழிக்கும் இடையே முரண்பாடு இல்லை. முரண்பாடு இருப்பது குழந்தையின் நலத்திற்கும் பெற்றோரின் அச்சத்திற்கும் இடையில்தான்.

மொழியைப் பற்றியும் இவ்வாறே சொல்லலாம். ஆங்கிலம் தேவையில்லை என்று எவரும் வாதிடவில்லை. ஆனால் மூன்று வயதுக் குழந்தைக்கு மொழி என்பது பாடமன்று. பசியையும் பயத்தையும் மகிழ்ச்சியையும் பிறரிடம் கொண்டுசேர்க்கும் வழி. வீட்டு மொழியில் ஆழமாக வேரூன்றிய குழந்தை அடுத்த மொழியை எளிதில் ஏற்கிறது. ஆண்டாப் ஹில்லில் வளரும் குழந்தை வீட்டில் தமிழும் படிக்கட்டில் மராத்தியும் தெருவில் ஹிந்தியும் கேட்டு, மூன்றையும் குழப்பமின்றிப் பிரித்துக்கொள்கிறது. தாமே தட்டுத்தடுமாறிப் பேசும் மொழியில் பெற்றோர் வலிந்து கொஞ்சும்போது குழந்தை இழப்பது தமிழை மட்டுமன்று, கொஞ்சலையும் இழக்கிறது. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, இயன்றவரை தொடக்கக் கல்வி வீட்டு மொழியிலேயே அமைய வேண்டும் என்றும், முதல் வகுப்புக்கு உரிய வயது ஆறு என்றும் கூறியிருப்பது இங்குக் கருதத்தக்கது.

எதைப் பார்ப்பது?

அவ்வாறாயின் பள்ளியின் வாசலில் நிற்கும் பெற்றோர் எதைப் பார்க்க வேண்டும்?

வகுப்பு நடக்கும் நேரத்தில் அரை மணி நேரம் ஓரமாக அமர்ந்து கவனிக்க அனுமதி கேட்கலாம். அழும் குழந்தையை ஆசிரியை என்ன செய்கிறார் என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். குழந்தையின் கண்ணுக்கு நேரே குனிந்து பேசுகிறாரா, நின்றபடியே அதட்டுகிறாரா? மெதுவாகக் கற்கும் குழந்தைக்கு அங்கு என்ன இடம்? வீட்டுப்பாடம் உண்டா, விளையாட்டு உண்டா? மணலும் நீரும் களிமண்ணும் குழந்தைகளின் கைக்கு எட்டும்படி இருக்கின்றனவா, விருந்தினருக்குக் காட்ட அலமாரியில் இருக்கின்றனவா? கழிப்பிடம் தூய்மையாக உள்ளதா? மூன்று முதல் ஆறு வயது வரையுள்ள 20 குழந்தைகளுக்கு ஒரு பெரியவராவது இருக்க வேண்டும் என்பது, 2013-இல் மத்திய அரசு ஏற்ற முன்பருவக் கல்விக் கொள்கையை ஒட்டிய அளவு. அது காக்கப்படுகிறதா? வீட்டிலிருந்து நடந்து செல்லும் தூரமா? மும்பையின் நெரிசலில் ஒரு மணி நேரம் வண்டியில் அடைந்து செல்லும் குழந்தை, எத்தனை புகழ்பெற்ற பள்ளியை அடைந்தாலும் களைத்தே அடையும்.

இவற்றுள் எதற்கும் பள்ளியின் பெயர் விடையாகாது. நேரில் சென்று பார்க்க வேண்டும். விளம்பரத்தை நம்பித் தேர்ந்தெடுப்பவர் பள்ளியைத் தேர்ந்தெடுப்பதில்லை; அயலாரின் வியப்பைத் தேர்ந்தெடுக்கிறார்.

இன்னொரு கேள்வியும் உண்டு; அதைப் பெற்றோர் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். ‘இந்தப் பள்ளியைப் பற்றி ஊரில் யாருக்குமே தெரியாது என்றாலும் இதைத் தேர்ந்தெடுப்போமா?’ ஆம் என்று உள்ளம் சொன்னால் அத்தேர்வு குழந்தைக்கானது. தயங்கினால், அது வேறு யாருக்கானது என்று அப்போதே தெரிந்துவிடும்.

திறந்த கதவு

மீண்டும் அந்த வீட்டிற்குச் செல்லலாம். சில நாட்களுக்குப் பின் வேலைக்கு வந்த பெண்ணிடம், பேச்சுவாக்கில் அந்தத் தாய் கேட்கிறார்: “உன் பொண்ணு அழாமப் போறாளா?”

“முதல் ரெண்டு நாள் அழுதா அக்கா. டீச்சர் மடியிலே வெச்சுக்கிட்டாங்க. எல்லாப் பிள்ளைங்களையும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவாங்க. ஒருநாள் போகலைன்னா வீட்டுக்கே வந்து கேட்பாங்க.”

தாங்கள் வாங்கிவந்த விண்ணப்பங்களில் கட்டணமும் சீருடையும் பேருந்து வழித்தடமும் விரிவாக இருந்தன. அழும் குழந்தையை மடியில் வைத்துக்கொள்பவர் உண்டா என்று தாங்கள் எங்கும் கேட்கவில்லை என்பது அந்தத் தாய்க்கு அப்போதுதான் உறைக்கிறது.

இதனால் அவர் உடனே மகனை அங்கன்வாடியில் சேர்த்துவிட வேண்டும் என்பதில்லை. செய்யக்கூடியவை வேறு பல. பாட்டியிடம் சென்று, “அத்தை, ராத்திரி இவனுக்குக் கதை சொல்லுங்க” என்று கேட்கலாம். அருகிலுள்ள இரண்டு மூன்று பள்ளிகளுக்குக் கணவரோடு நேரில் சென்று அமர்ந்து பார்க்கலாம். கல்வி உரிமைச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகள் தங்கள் நுழைவு வகுப்பில் குறைந்தது 25 விழுக்காடு இடங்களை நலிந்த பிரிவினரின் குழந்தைகளுக்கு அளிக்க வேண்டும் என்கிறது. மழலையர் வகுப்பு நடத்தும் பள்ளிகளுக்கு அந்த வகுப்பிலேயே இது பொருந்தும். மகாராஷ்டிரத்தில் இதற்கான விண்ணப்பம் இணையம் வழியாகவே பெறப்படுகிறது. வேலைக்கு வரும் பெண்ணுக்கு அதைப் பற்றிச் சொல்லி, வேண்டிய சான்றிதழ்களைத் திரட்டி, தம் மகனின் விண்ணப்பத்தோடு அவருடைய மகளின் விண்ணப்பத்தையும் ஒரே மேசையில் வைத்து நிரப்பிக் கொடுக்கலாம். அரை நாள் வேலைதான் அது. அந்த அரை நாளில் தன் மகன் பார்த்துக் கற்றுக்கொள்வதை எந்தப் பள்ளியும் கட்டணம் பெற்றுக் கற்பித்துவிட முடியாது.

குழந்தை பெற்றோரின் உடைமையன்று. சிறிது காலம் காத்து வளர்த்து உலகுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டிய அடைக்கலப் பொருள். எந்த உலகுக்குத் திருப்பிக் கொடுக்கப் போகிறோமோ, அந்த உலகத்துப் பிள்ளைகளிடமிருந்து பிரித்து வளர்த்தால் அடைக்கலத்தைக் காத்ததாகாது.

அதற்கெல்லாம் முன்பாகச் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அதற்குப் பணமும் வேண்டாம், விண்ணப்பமும் வேண்டாம். நடைக் கதவைத் திறந்துவிட்டால் போதும். டப்பாக்களும் மூடிகளும் அங்கேயே இருக்கின்றன.